முட்டி போட்டுப் பிழைக்கிறவள்

"எதையாவது ஒண்ண வச்சுத் தச்சு அனுப்புங்க! கொடியில காயுற துணியா இது, இது நல்லாருக்கு அது நல்லாருக்குன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்க?"

டாக்டரம்மாவைப் பார்த்து இப்படி ஒரு போடு போட்டாள் ரசமட்டம். அந்த அறையில் இருந்தது மூன்று பேர். டாக்டரம்மா, இவள், இவளுடைய நாத்தனார். மேசை மேல் பிளாஸ்டிக்கில் செய்த முட்டி ஒன்று பாதி மடங்கினபடி கிடந்தது. அதைத்தான் டாக்டரம்மா இதுவரை திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, டாக்டர்கிட்ட இப்படியா பேசுவாங்க?" என்று நாத்தனார் இடித்தாள்.

"பின்ன எப்படிப் பேசணும்? நீ வேணா ராகம் போட்டுப் பேசு."

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கோபித்துக்கொள்ளவில்லை. "தைக்கிறது என் வேலைம்மா. ஆனா எதை வச்சுத் தைக்கிறதுங்கறது, நீங்க அந்தக் காலை வச்சு என்ன பண்ணப் போறீங்கங்கறதப் பொறுத்தது. அதத்தான் கேட்டேன். நீங்க இன்னும் பதில் சொல்லல."

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல."

"வீட்டோடதான் இருப்பாங்க டாக்டர்," என்று முந்திக்கொண்டாள் நாத்தனார். "வேலைக்கெல்லாம் போகல."

ரசமட்டம் அதை மறுக்கவில்லை. சுவரைப் பார்த்தாள். சுவரை இல்லை, சுவரும் தரையும் சேருகிற இடத்தை. அங்கே ஒட்டியிருந்த கல் வரிசை ஒரு முனையில் ஏறி ஒரு முனையில் இறங்கியிருந்தது. வேறு நாளாக இருந்தால் போட்டவனை வாய்க்கு வந்தபடி வைதிருப்பாள். அன்றைக்குப் பார்த்ததோடு சரி.

ரசமட்டம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தரை மட்டமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் கட்டை அது. அதிலுள்ள கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவே நின்றால் மட்டம், நகர்ந்தால் கோணல். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவன் புருஷன். யார் வீட்டுக்குப் போனாலும் ஆளின் முகத்தைப் பார்க்குமுன் தரையைப் பார்ப்பாள். ஒருதரம் துக்கம் கேட்கப் போன வீட்டில், தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்தவளின் தோளைத் தொட்டு, "குளியலறைத் தண்ணி கூடத்துக்கு வருமே, யாரு போட்டது?" என்று கேட்டுவிட்டாள். அழுதவளும் மூக்கைச் சிந்திவிட்டு, யார் போட்டது என்று சொன்னாள். அது வேறு விஷயம்.

டைல்ஸ் ஒட்டுவதுதான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தொழில். அவனுக்கு ஊரில் கட்டர் என்று பெயர். கல்லை அறுப்பதிலும் கட்டர், பேச்சை வெட்டுவதிலும் கட்டர். பிள்ளை குட்டி இல்லை. அதற்காக இரண்டு பேரும் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியதும் இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். அதைச் சொன்னவன் தரை போட்டவனாக இருக்க மாட்டான். எல்லாக் கூடமும் கோணல்தான். கோணல் கூடத்தில் நேராகக் கல்லைப் போட்டு, கோணலைச் சுவரோரமாக யார் கண்ணிலும் படாமல் ஒளிப்பதுதான் வேலை. அவன் நூல் பிடித்து, எந்த மூலையில் தொடங்குவது என்று சொல்வான். உள்ளே இருக்கிற கடைசி மூலையில் தொடங்கினால்தான் வாசலில் வந்து முடியும். அவள் அங்கே முட்டி போட்டு உட்காருவாள். கலவையைப் பரப்பி, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, அடியில் கலவை சேராமல் பொள்ளலாக இருக்கிறதா என்று காதால் கேட்டு, ஒவ்வொரு வரிசையாகப் பின்வாங்கிப் பின்வாங்கி வருவாள். அவன் வாசலில் நின்றுகொண்டு அடுத்த கல்லை நீட்டுவான். அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கையைப் பின்னால் நீட்டினால் கையில் கல் இருக்கும். அவன் குரல் பக்கத்தில் கேட்டால் கூடம் முடியப்போகிறது என்று அர்த்தம்.

ஒரு மத்தியானம், பாதிக் கல்லை அறுத்துக்கொண்டிருந்தவன் மிஷினை நிறுத்தினான். தண்ணீர் கேட்டான். தண்ணீர் வருமுன் போய்விட்டான்.

"மிஷினை நிறுத்திட்டுத்தான் போனாரு," என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை. அழவும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் பார் என்றார்கள். நெஞ்சழுத்தம் என்றார்கள். அழுத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கையை மடித்து வைத்துப் படுத்தால் மரத்துப் போகுமே, அதுபோல ஆள் மொத்தமும் மரத்துப் போயிருந்தாள். உப்பு கூடவா குறையவா தெரியாமல் சாப்பிட்டாள். கூப்பிட்டால் திரும்பினாள். வேலைக்கு வா என்று மேஸ்திரி ஆள் அனுப்பினார். போனாள்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. புது வீடு, பெரிய கூடம், வெள்ளைக் கல். கலவைக்காரர் வெளியே கலவை போட்டார். கட்டரோடு வெகுகாலம் வேலை செய்த மனுஷன் அவர். வாசலில் நின்று நூல் பிடிக்க இப்போது ஆள் இல்லை. அவளே நின்றாள், அவன் நிற்கும் இடத்தில், அவன் நிற்பது போலவே. நூல் பிடித்தாள். நின்ற இடத்திலேயே முட்டி போட்டாள். அங்கிருந்தே தொடங்கிவிட்டாள்.

வாசலில் தொடங்கினால் எங்கே போய் முடியும்? முதல் நாள் வேலைக்கு வந்தவள்கூடச் செய்யாத தப்பு. கலவைக்காரர் உள்ளறை ஜன்னல் வழியாகக் கலவையைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார், கவனிக்கவில்லை. சாயங்காலம் தலையைத் தூக்கிப் பார்த்தால், கூடம் முழுக்க ஈரக் கல். மூலையில் இவள். வாசல் அந்தக் கோடியில்.

ஈரக் கல்லை மிதிக்கக் கூடாது. தரை போடுகிறவளுக்கு அது சுடுகிற அடுப்பைத் தொடக் கூடாது என்பது போல. பக்கத்தில் உள்ளறையின் நிலைப்படி இருந்தது. நடுவில் இரண்டு வரிசைக் கல். தாண்டிவிடலாம் என்று தாண்டினாள். தாண்டும்போதே தெரிந்துவிட்டது, எட்டாது, குதிகால் கடைசிக் கல்லின் மேல்தான் விழும் என்று. காலைத் திருப்பினாள். கல்லைக் காப்பாற்றத்தான் திருப்பினாள். முட்டிக்குள் ஈரக் கயிறு அறுந்தது போல் ஒரு சத்தம் கேட்டது. கால் போயிற்று. கல்லும் அமுங்கிற்று.

பட்ட காலிலே படும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். முட்டிக்குள்ளே குறுக்காக இருக்கிற ஜவ்வு முழுசாகக் கிழிந்திருக்கிறது என்றார்கள். நேராக நடந்தால் கால் நின்றது. திரும்பினால் முட்டி தனியாக நழுவிப் போயிற்று. கட்டரின் தங்கை தன் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணி வீட்டுக்கே வந்துவிட்டாள். துணி வெட்டி, ஓரம் அடித்துப் பிழைக்கிறவள். கட்டிக்கொண்டவன் விட்டுவிட்டுப் போனதால் வீடு மாறுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை.

டாக்டரம்மா அந்த முதல் நாளில், அந்தக் கத்தலுக்கு முன்னால் சொன்னது இதுதான். கிழிந்த ஜவ்வை இழுத்துத் தைத்தால் பெரும்பாலும் பிடிக்காது. வேறு இடத்திலிருந்து, தசையை எலும்போடு கட்டுகிற நாண் ஒன்றை எடுத்து, எலும்பில் ஓட்டை போட்டு, அதன் வழியாகக் கோத்துக் கட்ட வேண்டும்.

"ஒரு ஓட்டைய அடைக்க இன்னும் ரெண்டு ஓட்டையா?" என்றாள் ரசமட்டம்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்," என்று டாக்டரம்மா பிளாஸ்டிக் முட்டியை எடுத்தாள். "எடுக்கறதுக்கு உங்க உடம்புலயே மூணு எடம் இருக்கு. ஒண்ணு இது, முட்டிச்சில்லுக்குக் கீழ இருக்குற பட்டை. நடுவுல கொஞ்சம் உரிச்சு, ரெண்டு முனையிலயும் துளி எலும்போட எடுப்போம். எலும்பும் எலும்பும் சீக்கிரம் ஒட்டிக்கும். நல்ல கெட்டி. ஆனா அப்புறம் முட்டி போட்டா வலிக்கும். சிலருக்கு வருஷக்கணக்கா வலிக்கும்."

"அடுத்தது?" என்றாள் நாத்தனார், துணிக்கடையில் கேட்பது போல.

"தொடைக்குப் பின்பக்கம் ரெண்டு மெல்லிசான நாண். எடுத்து, ரெண்டு மூணா மடிச்சுக் கட்டுவோம். முட்டி போடத் தொந்தரவு கம்மி. ஆனா எலும்போட பிடிக்க நாளாகும். கொஞ்சம் தளரவும் செய்யலாம். காலை மடக்கி இழுக்குற பலம் பழையபடி முழுசா வராது. மூணாவது, முட்டிச்சில்லுக்கு மேல, முன்தொடை நாண். நல்ல தடிமன். முட்டி போடவும் பரவால்ல. ஆனா குந்தி எழுந்திரிக்கிற பலம் திரும்ப ரொம்ப காலம் ஆகும்."

"நாலாவது?"

"இறந்தவங்க தானமா கொடுத்த நாண். சுத்தம் பண்ணிப் பத்திரமா வச்சிருப்பாங்க. உங்க உடம்புல வேற எங்கயும் வெட்ட வேணாம், ஆரம்பத்துல வலியும் கம்மி. ஆனா உடம்போட சேர ரொம்ப நாள் எடுக்கும். ஓடியாடி உழைக்கிற காலா இருந்தா, மறுபடி அறுந்துபோறது கொஞ்சம் அதிகம். வீட்டோட இருக்குறவங்களுக்கு அது போதும். இன்னும் சொல்லப்போனா, வீட்டோடதான் இருப்பீங்கன்னா ஆபரேஷனே வேணாம். பயிற்சி பண்ணியே சமாளிக்கலாம்."

"அந்த நாலாவதையே வச்சிடுங்க," என்றாள் நாத்தனார். "செத்தவங்க என்ன திரும்பவா கேக்கப் போறாங்க?"

"நீதான சொல்லுவ, வேற துணியில ஒட்டுப் போட்டா நிக்காதுன்னு?"

"அது பாவாடைக்கு அண்ணி."

அப்போதுதான் டாக்டரம்மா கேட்டாள், இந்தக் காலை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று. அப்போதுதான் ரசமட்டத்துக்குச் சுருக்கென்றது. வலி இல்லை, கோபமும் இல்லை. பதில் இல்லாத இடத்தில் கேள்வி வந்து விழுந்த எரிச்சல். எதையாவது ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பு என்று கத்தினாள்.

"போயிட்டு யோசிச்சுட்டு வாங்க," என்றாள் டாக்டரம்மா. "நாலு நாணுல எது நல்லதுன்னு யோசிக்க வேணாம். அது என் தலைவலி. உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் யோசிங்க."

என்ன வேண்டும்? அதுதானே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு வைத்தியம். எதிர்வீட்டு டிரைவர், தன் மச்சானுக்கு முட்டிக்குக் கீழே எடுத்தார்கள், இப்போது பந்து விளையாடுகிறான் என்றார். அவர் பெண்டாட்டி குறுக்கே வந்து, பந்து விளையாடுகிறான் சரி, தரையில் சாமான் விழுந்தால் எடுக்கக் கூப்பிடுவது அவன் பெண்டாட்டியைத்தான் என்றாள். பால்காரர் எதையும் வெட்டாமல் எண்ணெய் தேய்த்தால் போதும் என்றார். "ஜவ்வு உள்ள கிழிஞ்சு கெடக்கு, நீங்க வெளிய எண்ணெய் ஊத்துறீங்க. குழாய் உடைஞ்சதுக்குச் சுவத்துக்கு வெள்ளையடிச்சானாம்," என்று நாத்தனார் விரட்டிவிட்டாள். ரசமட்டம் எல்லாருக்கும் தலையாட்டினாள். காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தையல் மிஷின் ஓடிற்று, நின்றது, ஓடிற்று.

ஒரு நாள் கலவைக்காரர் வந்தார். முட்டியில் கட்டியிருந்த துணிப்பட்டையைப் பார்த்தார். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டு டீயை ஊதினார்.

"அந்தக் கூடத்தை முடிச்சிட்டாங்க தங்கச்சி."

"ம்."

"மேஸ்திரி புதுசா ரெண்டு பேரைக் கூட்டியாந்தாரு. நீ விட்ட மூலையப் போட்டு, ஜாயின்ட்டெல்லாம் அடைச்சிட்டாங்க."

"ம்."

"அந்த ஒரு கல்லு மட்டும் அப்படியே கெடக்கு."

"எந்தக் கல்லு?"

"உன் குதிகால் பட்ட கல்லு. அமுங்கினபடியே விட்டுட்டானுங்க. வீடு துடைச்சா தண்ணி அங்கதான் நிக்குதாம். வர்றவங்ககிட்ட வீட்டுக்காரம்மா, இதான் அந்தப் பொம்பளை விழுந்த எடம்னு காட்டுறாங்களாம்."

ரசமட்டம் டீக்கிளாசைக் கீழே வைத்தாள். "எவ்வளவு அமுங்கியிருக்கு?"

"ஒரு காசு கனம் இருக்கும்."

"ஒரு காசு கனம் அமுங்கியிருக்கு, எடுத்து வைக்காம மேலயே ஜாயின்ட்டுப் பவுடரைப் பூசிட்டுப் போனானா? அவன் கண்ணு என்ன, பொடனியிலயா இருக்கு? கையில புண்ணா? நெம்பி எடுத்துக் கலவையச் சுரண்டிட்டு வச்சா எவ்வளவு நேரமாகும்? என் பேரைச் சொல்லித்தான ஊருக்குக் காட்டுவாங்க! நீங்களும் பாத்துட்டுச் சும்மாத்தான வந்தீங்க?"

தையல் மிஷின் நின்றுவிட்டது. கட்டர் போனபிறகு அந்த வீட்டில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

கலவைக்காரர் போனதும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அந்தக் கல்லு மேல உங்களுக்கு என்ன கண்ணு?"

"கண்ணு இல்ல. எரிச்சல்."

"எங்கண்ணன் அந்த மாதிரித் தரையிலதான் போனான். நீங்களும் அங்கயே போய் விழணுமா? எனக்கு இருக்குறது யாரு?"

"உங்கண்ணன் தரையால போகல. நேரம் வந்துச்சு, தண்ணி கேட்டாரு, போனாரு. உன் மிஷின் மேல உக்காந்திருந்தாலும் போயிருப்பாரு."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை சுலபமாக வரும். கொடுத்துவைத்தவள். "வேலைக்குப் போகலன்னு நான் டாக்டர்கிட்ட சொன்னப்ப ஏன் வாயை மூடிட்டு இருந்தீங்க?"

"அப்ப அது பொய்யில்ல."

"இப்ப?"

"இப்பப் பொய்."

மறுபடி போனபோது டாக்டரம்மா முட்டி பொம்மையைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ரசமட்டம் சொன்னாள்:

"ஒரு கல்லு அமுங்கிக் கெடக்கு டாக்டர். அத எடுத்து மட்டமா வைக்கணும்."

"சரி. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் தெரியல. முட்டி போட்டுத்தான் பொழைக்கிறேன். தரை போடுறவ. இவ சொன்னது பொய்."

நாத்தனார் கூரையைப் பார்த்தாள்.

"அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் பேசுனதுல பாதி மிச்சம்," என்று டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்தாள். "அப்ப முட்டிச்சில்லுக்குக் கீழ எடுக்கறது வேணாம். தானமா வந்ததும் வேணாம், நாளெல்லாம் பாரத்தோட வேலை செய்யுற காலு. மிச்சம் ரெண்டு. முன்தொடை, பின்தொடை. நீங்க முட்டி போட்டபடியேதான் இருப்பீங்களா, எழுந்து எழுந்து உக்காருவீங்களா?"

"முட்டி போட்டபடிதான் பின்னால நகர்ந்து வருவேன்."

"கல்லை யாரு எடுத்துக் கொடுப்பாங்க?"

டாக்டரம்மா கேட்டது சாதாரணக் கேள்வி, குந்தி எழுகிற கணக்குக்காகக் கேட்டது. வெளியே வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டு, தேய்ந்து, இல்லாமல் போயிற்று.

"முன்ன ஒருத்தர் கொடுத்தாரு," என்றாள். "இனிமே நானேதான் எழுந்து எடுக்கணும்."

"அப்ப முன்தொடையும் வேணாம். கல்லோட பாரத்தையும் தூக்கிட்டுக் குந்தி எழுந்திரிக்கணும்னா அது கஷ்டப்படுத்தும். பின்தொடை நாணே எடுத்துடுவோம். இதான் உசத்தின்னு இல்ல, இதான் உங்களுக்கு. பிடிக்கிற வரைக்கும் பொறுமையா இருக்கணும். இன்னொண்ணும் சொல்லிடுறேன். முட்டிக்குக் கீழ வெட்டுற எடத்துல தோலுக்குப் போற சின்ன நரம்பு அடிபடலாம். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போகும். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது."

"மரத்துப் போறதா? அது பழக்கம்தான்," என்றாள் ரசமட்டம்.

டாக்டரம்மா சிரித்தாள், ஏதோ வேடிக்கை என்று நினைத்து. நாத்தனார் சிரிக்கவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஆக்கினார்கள். விழித்துக்கொண்டே கிடந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் துளை போடுகிற மிஷின் ஓடிற்று. கல் அறுக்கிற மிஷின் சத்தத்தைவிட மெல்லிசு, ஆனால் அதே ஜாதி. நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் தண்ணீர் கேட்கவில்லை. மறுபடி ஓடிற்று. அதன்பிறகுதான் மூச்சு விட்டாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வெறும் நாள். கட்டிலில் படுத்து முட்டியை இறுக்கி, தளர்த்தி, குதிகாலை இழுத்து, நீட்டி. பயிற்சி சொல்லிக்கொடுத்த பிள்ளை காட்டியதை நாத்தனார் மனப்பாடம் செய்துகொண்டு பள்ளிக்கூட வாத்தியார் போல் நின்றாள். "இன்னும் மடக்குங்க. எங்கண்ணன்கிட்ட காட்டுன வீறாப்ப இங்க காட்டுங்க," என்பாள். "உன்னைக் கட்டினவன் ஏன் ஓடினான்னு இப்பத்தான் தெரியுது," என்பாள் இவள். இரண்டு பேருக்கும் ரோஷம் வராது. வந்தாலும் அடுத்த வேளைச் சாப்பாட்டில் போய்விடும். கைத்தடி போயிற்று, நொண்டல் போயிற்று, மாடிப்படி வந்தது. கல்லைத் தூக்கலாம், முட்டி போடலாம் என்று டாக்டரம்மா சொல்வதற்குள் வருஷம் ஒன்று ஓடியே போயிற்று.

கால் வந்தது. மற்றது வந்ததா என்று கேட்டால், நான் என்ன சொல்ல? பசித்தது, சாப்பிட்டாள். உப்பு குறைந்தால் இப்போது தெரிந்தது. அவ்வளவுதான். முட்டிக்குக் கீழே, தழும்புக்கு வெளிப்பக்கம், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எதுவும் தெரியவில்லை. கல்லைத் தட்டிப் பார்ப்பது போல விரலால் தட்டிப் பார்ப்பாள். விரலுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.

முதலில் போனது அந்தக் கூடத்துக்குத்தான். வீட்டுக்காரம்மாவிடம் கலவைக்காரர் சொல்லி வைத்திருந்தார். நாத்தனார் தானும் வருவேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்கு? அங்க தைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

"விழுந்தா தூக்கறதுக்கு ஆள் வேணாமா?"

வெள்ளைக் கூடம் பளபளவென்று கிடந்தது. நேராகப் போட்டிருந்தாள், பாவி. எங்கே தொடங்கி எங்கே முடித்தாள் என்பது போட்டவளுக்கு மட்டுந்தான் தெரியும். உள்ளறை நிலைப்படிக்கு ஒரு கை தள்ளி அந்தக் கல் இருந்தது. குனிந்து பார்க்கவே வேண்டாம். வீட்டுக்காரம்மா துடைத்த ஈரம் அங்கே மட்டும் காயாமல் நின்றது. கட்டர் போனதிலிருந்து அவள் அழாத அழுகையெல்லாம் அங்கே தேங்கியிருக்கிறது என்று யாராவது கதை கட்டுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அது துடைத்த தண்ணீர்.

பழைய வழக்கப்படி ஒரு சாக்கை நாலாக மடித்துக் கீழே போட்டாள். முட்டிக்கு மெத்தை கட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்து, "முட்டிக்கு எதுக்குடா தலகாணி? படுத்துத் தூங்கவா?" என்று கட்டர் கேலி செய்வான். அதனால் இரண்டு பேரும் கடைசிவரை சாக்குதான்.

முட்டி போட்டாள். முதலில் நல்ல காலை, பிறகு தைத்த காலை. வலிக்குமென்று பல்லைக் கடித்தாள். வலிக்கவில்லை. ஜாயின்ட்டைக் கீறி, உளியை ஓரத்தில் கொடுத்து, உடையாமல் நெம்பினாள். கல் வராமல் அடம் பிடித்தது. ஓரமாக நகர்ந்து, வேறு பக்கத்திலிருந்து நெம்பினாள். சாக்கு நழுவிப் பின்னால் போனது அவளுக்குத் தெரியவில்லை. கல் வந்தது, மூலையில் சில்லுகளாக உடைந்தபடி. அடிக்கலவையைச் சுரண்டினாள், ஈரம் செய்தாள், கலவைக்காரர் கொண்டுவந்த கலவையைப் பரப்பினாள்.

"புதுக் கல்லு," என்று கையைப் பின்னால் நீட்டினாள். பழக்கம். நீட்டிய பிறகுதான் உறைத்தது, பின்னால் யாரும் இல்லையே, எழுந்து எடுக்க வேண்டுமே என்று. அதற்குள் கையில் கல் வந்து உட்கார்ந்தது.

நாத்தனார் அவள் முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கமாக நின்றுகொண்டிருந்தாள். தன் அண்ணன் நிற்கும் இடம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கல் அங்கே அடுக்கியிருந்தது, எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான். ரசமட்டம் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லை வாங்கி வைத்தாள். தட்டினாள். காதைக் கொடுத்தாள். இன்னொரு தட்டு. பக்கத்துக் கல்லோடு விரலை வைத்துத் தேய்த்தாள். விரல் எங்கேயும் தடுக்கவில்லை.

"அண்ணி! ரத்தம்!"

வெள்ளைக் கல்லில் சிவப்பாக ஒரு கோடு, நகர்ந்து வந்த வழியெல்லாம். உடைந்த சில்லு ஒன்று தழும்புக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டு நின்றது. அதன் மேலேயே முட்டி போட்டு இவ்வளவு நேரம் நகர்ந்திருக்கிறாள். ஒன்றும் தெரியவில்லை.

"வலிக்கலையா?" என்று நாத்தனார் அலறினாள்.

"இல்ல."

கலவைக்காரர் துணியைத் தேடி ஓடினார். நாத்தனார் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள், ரத்தத்துக்கா அண்ணனுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. ரசமட்டம் கொஞ்ச நேரம் அவள் தலையைப் பார்த்தாள். பிறகு ஈரக் கையை அவள் தலைமேல் வைத்தாள். கலவை ஒட்டிக்கொண்டது.

"அழுதது போதும். மொதல்ல ஜாயின்ட்டைத் துடை. ரத்தம் உள்ள எறங்கினா போகாது."

"உங்களுக்கு உங்க காலை விட ஜாயின்ட்டுதான் பெரிசு."

"காலு என்னுது. ஜாயின்ட்டு ஊரான் வீட்டுது."

காயத்தைப் பார்த்த டாக்டரம்மா, உணர்வில்லாத இடத்தை வெறும் சாக்கு மேல் வைத்து வேலை செய்தால் ஒரு நாள் புரையோடிப்போகும், தெரியவே தெரியாது என்று கண்டித்து அனுப்பினாள். முட்டிக்கு மெத்தை கட்டாமல் தரையைத் தொடக் கூடாது என்றாள். வரும் வழியிலேயே இரும்புச் சாமான் கடைக்குள் நுழைந்தார்கள்.

கடைக்காரர் உள்ளேயிருந்து கறுப்பாக, தடித்த ரப்பரில், பட்டையோடு இரண்டு எடுத்துப் போட்டார். ரசமட்டம் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணு போதும். எனக்கு ஒரு காலுதான் மரத்திருக்கு."

"ஒத்தையா விக்கிறதில்லம்மா. மிச்சத்தை நான் யாரு தலையில கட்டறது?"

"நல்ல காலுக்கு எதுக்கு? அது வலிச்சா எனக்குத் தெரியும்."

"வாங்குங்க அண்ணி," என்றாள் நாத்தனார், தலையில் இன்னும் கலவைத் துளியோடு. "இன்னொண்ணு நான் கட்டிக்கிறேன். நாளைக்கு எந்த வீடு?"

ரசமட்டம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மிஷினை யாரு ஓட்டுவா?"

"சாயங்காலம் ஓட்டுறேன்."

ரசமட்டம் கடைக்காரரிடம் திரும்பி விலையைக் கேட்டாள். முந்நூற்றுத் தொண்ணூறு என்றார். இதுக்குள்ள பஞ்சா தங்கமா என்றாள். அவரும் விடவில்லை, இவளும் விடவில்லை. கடைசியில் ஜோடி முந்நூற்று ஐம்பது.